நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிற வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதம் கரையானைப் பார்த்துப் பயப்படுவார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து எண்ணிக்கையைப் பார்த்து. ஒரே கட்டுக் காகிதத்தை மூன்று தடவை எண்ணி மூன்று விடை கண்டவர் யாராவது இதைப் படித்தால், நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை, கேட்டதுதான்.

எனக்கு முன்னால் இருந்தவர்

விழுப்புரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி அறையில் எங்கள் வேலை. திண்டிவனத்தில் ஒரு மாதா கோயிலின் பழைய நூலகம், அதிலிருந்த புத்தகங்களும் கையால் எழுதிய நாட்குறிப்புகளும் தவணை தவணையாக எங்களிடம் வரும். நான் மேற்பார்வையாளராகச் சேர்ந்த அன்று, மெஷினில் உட்காரும் தேவகி அக்கா என் நாற்காலியைக் காட்டி அதன் கதையைச் சொன்னார். அதில் முன்பு பிரான்சிஸ் என்று ஒருவர் இருந்தாராம். ஒரு நாட்குறிப்பில் 118ஆம் பக்கத்தை விட்டுவிட்டாராம். முடித்துக் கொடுத்த வேலையைச் சென்னையில் திரும்பப் பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட, அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். எனக்கு ஆபீஸ் வேலை கிடைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வேலை போய்விட்டது என்று அதே தெருவில் நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே பத்து தடவை நினைத்திருப்பேன். ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் "எல்லாப் பக்கங்களும் சரிபார்க்கப்பட்டன" என்று ஒரு தாளில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தேவகி அக்கா டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "பக்கம் போச்சின்னா ஆளும் போவணும், அதான் இங்க சட்டம். பாத்து கையெழுத்துப் போடும்மா."

சரக்கு ரயில்

எங்கள் கேமரா மேலே ஒரு கம்பியில் தொங்கும். புத்தகத்தைக் கீழே விரித்து வைத்துப் படம் எடுக்க வேண்டும். பயணிகள் ரயில் போனால் ஒன்றும் தெரியாது. சரக்கு ரயில் போனால் மேசை, கம்பி, கேமரா எல்லாம் நடுங்கும், படத்தில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரியும். அதனால் கூவல் சத்தம் கேட்டதும் தேவகி அக்கா கையைத் தூக்கிவிடுவார். ரயில் போகும்வரை எல்லோரும் சும்மா நிற்போம். நடுக்கத்தில் எடுத்த படம் இருந்தால் அதை அழித்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

ஒரு நாளில் எடுக்கும் பக்கங்கள் ஏன் குறைந்தன என்று சென்னையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஸ்டேஷன் மாஸ்டருக்கு நானே லெட்டர் போடட்டுமா, எங்க ஆளுங்க வேலை செய்றாங்க, கொஞ்சம் மெதுவா போங்கன்னு?"

குருத்தோலை

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம் சார், ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வருவதுபோல வாரத்துக்கு இரண்டு தடவை திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அவருடைய புத்தகங்களுக்குள் என்னென்னவோ இருக்கும். பஸ் டிக்கெட், ஜெபச் சீட்டு, காய்ந்த குருத்தோலை. ஒரு நாள் ஓர் ஓலைத் துண்டை எடுத்து உறையில் போட்டு, எந்தப் பக்கம் என்று எழுதி வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அதை அங்கயே வெச்சிடும்மா. உபதேசியார் படிச்சிக்கினு இருக்காரு" என்றார்.

அந்தக் கோயிலில் ஜெபம் சொல்லித்தந்த உபதேசியார் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு செத்து நாப்பது வருஷம் ஆவுது. ஆனா அந்த புக்கை முடிச்சிட்டேன்னு அவரு எங்கிட்ட சொல்லவே இல்லையே."

வலது ஒன்று அதிகம்

வேகத்துக்காக ஒரு முறை வைத்திருந்தோம். புத்தகத்தின் வலது பக்கங்களை முதலில் வரிசையாக எடுத்துவிடுவோம். பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து இடது பக்கங்கள் எல்லாவற்றையும் எடுப்போம். இரண்டையும் கணினி மாற்றி மாற்றிக் கோத்துவிடும். வலதும் இடதும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தவணையின் கடைசி நாள். மூலையெல்லாம் பூச்சி அரித்து, பக்க எண்களே இல்லாத ஒரு தடித்த புத்தகம். வலது, இடதைவிட ஒன்று அதிகம். நாலு மணிக்கு ஹார்ட் டிஸ்க்கும் என் கையெழுத்தோடு அந்தத் தாளும் சென்னைக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் ஆரோக்கியம் சார் வந்து புத்தகங்களை எடுத்துப் போய்விடுவார். வலதில் ஒன்று கூடுதலா, இடதில் ஒன்று விடுபட்டதா என்று தெரியவில்லை. மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"வலதுல கடைசி படத்தை அழிச்சிடு. ரெண்டும் சமமாயிடும்" என்றார்.

"அது கடைசிப் பக்கமா இருந்தா சார்?"

"கடைசிப் பக்கத்தை எவன் படிக்கப் போறான்? ஜல்தியா முடி."

போனை வைத்தேன். தாளை மடக்கி மேசைக்குள் போட்டேன். தேவகி அக்கா புத்தகத்தில் ஒவ்வொரு இதழாகத் திருப்ப, நான் திரையில் அதே படத்தைத் தேடினேன். ஒவ்வொரு பக்கத்தின் முதல் சொல்லையும் அவர் படிப்பார், நான் "இருக்கு" என்பேன். மூன்றரை ஆனது. நாலு ஆனது. போன் அடித்தது, எடுக்கவில்லை. நாலரை மணிக்கு, ஒரே பக்கம் திரையில் இரண்டு தடவை வந்தது. முதலாவதில் எழுத்தெல்லாம் இரட்டையாக நடுங்கியிருந்தது. சரக்கு ரயில்.

மறுபடி எடுத்தவர் நடுங்கியதை அழிக்க மறந்திருந்தார். அங்கிருந்து வரிசை முழுக்க ஓர் இடம் தள்ளிப் போயிருந்தது. மேனேஜர் சொன்னபடி கடைசிப் படத்தை அழித்திருந்தால், கடைசி வலது பக்கமும் போயிருக்கும், நடுவில் குழப்பமும் இருந்திருக்கும், எண்ணிக்கை மட்டும் அழகாக இருந்திருக்கும். நடுங்கிய படத்தை அழித்து மறுபடி கோத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். டிஸ்க் மறுநாள் போனது.

தேவகி அக்கா காலி டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "நான்தாம்மா. அந்நேரம் பாத்து டீ வந்துச்சி."

திண்டிவனம்

மறுநாள் வேனில் ஆரோக்கியம் சாரோடு நானும் ஏறிக்கொண்டேன். புத்தகங்களை ஒப்படைக்க என்று சொன்னேன். அது பாதி உண்மை. பிரான்சிஸ் பக்கம் விட்டதாகச் சொன்ன அந்த நாட்குறிப்பை ஒரு தடவை பார்க்கணும் சார் என்று கேட்டேன். பீரோவைத் திறந்து கொடுத்தார்.

117ஆம் பக்கத்தை எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் 119 என்று எழுதியிருந்தது. கிழிந்த தடம் இல்லை, தையல் நூல் அப்படியே இருந்தது. ஒரே தாளின் இரண்டு பக்கங்கள், நடுவில் எதைக் கிழிக்க முடியும்? 117 முடிகிற இடத்தில் "பாலத்தின் மேல் தண்ணீர்" என்று நின்றது. 119 "போவதால் இன்று பூசைக்கு ஒருவரும் வரவில்லை" என்று தொடங்கியது. எழுதியவர் எண் போடும்போது ஒன்றைத் தாண்டியிருக்கிறார். 118 என்று ஒரு பக்கம் இருந்ததே இல்லை.

அங்கேயே நின்று மேனேஜருக்குச் சொன்னேன். நேற்றைய கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

"அந்த புக்கு டெலிவரி ஆயி ஒரு வருஷம் ஆச்சிம்மா. இப்போ அதைக் கிளறி இன்னா பண்ணப் போற?"

கடைசிக் கட்டம்

பிரான்சிஸ் அண்ணன் இப்போது திண்டிவனத்திலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருப்பதாக ஆரோக்கியம் சார் சொன்னார். நடந்தே போனேன். யாருடைய ரேஷன் கார்டையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிச் சொல்லி, 118 மூலத்திலேயே இல்லை என்றேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. நகலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமும் விட்டுப்போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு சொன்னார்:

"தெரியும்மா. ஷீட்ல குறிப்புன்னு கடைசியில ஒரு கட்டம் இருக்குமே, அதுல எழுதியிருந்தேனே. யாரும் பாக்கலியா?"

புத்தகத்துக்கு ஒன்றாக நாங்கள் நிரப்பும் அந்த எக்செல் தாளில் குறிப்புக் கட்டம் வலது ஓரத்தில், திரைக்கு வெளியே இருக்கும். தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். நானும் அதுவரை தள்ளிப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு பக்கமாக எண்ணிப் பார்க்க எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், எண்ணியவன் எழுதி வைத்ததைப் படிக்க மட்டும் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. விழுப்புரம் திரும்பியதும் பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன்: "117க்குப் பின் 119. மூலத்தில் 118 இல்லை. பிரான்சிஸ்" என்று இருந்தது, அதைச் சேமித்த தேதி டெலிவரிக்கு நான்கு நாள் முந்தையது.