குழியிலிருந்து எடுத்த துணி

முதலிபாளையத்தில் நான் செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் பின்புறம், வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளின் கட்டிங் வேஸ்ட் குவியலில் தெருநாய் வெள்ளச்சி மூன்று குட்டி போட்டிருந்தாள். ஒரு நாள் காலை அவள் இரை தேடிப் போன நேரத்தில், வேஸ்ட் ஏற்ற வந்த லாரி ரிவர்ஸ் எடுத்தது. மூன்றும் சக்கரத்தில் நசுங்கிப் போயின. தாய் பார்க்கக் கூடாதென்று, அவை படுத்திருந்த நீலத் துணியிலேயே சுற்றி மதில் ஓரம் புதைத்தேன்.

வெள்ளச்சி மாலைவரை குவியலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பால் கட்டி மடி இறுகியிருந்தது. பொறுக்க முடியாமல் நாய்களை மீட்கும் குழுவுக்குப் போன் செய்தேன். அங்கிருந்து ஒரு பெண், காப்பகத்தில் தாயில்லாமல் கிடந்த இரண்டு குட்டிகளோடு வந்தார். வெள்ளச்சி அவற்றைப் பார்த்து உறுமினாள்.

"அவ குட்டிக வாசம் இருந்தாச் சேத்திக்குவாளுங்க. அதுக படுத்திருந்த துணி ஏதாச்சும் இருக்குங்களா?"

"குழியில இருக்குதுங்க," என்றேன்.

அவர் மதில் ஓரத்துப் புதுமண்ணைப் பார்த்தார். பிறகு, "எடுக்கலாங்களா?" என்றார்.

வாட்ச்மேன் மண்ணைத் தோண்டினார். நான்தான் துணியை உருவினேன். அதை உதறிப் புதுக் குட்டிகள்மேல் தேய்த்தோம். வெள்ளச்சி முதலில் துணியைத்தான் நக்கினாள். பிறகு குட்டிகளை நக்கினாள். பிறகு படுத்து மடியைக் காட்டினாள்.

நாளெல்லாம் துணி தைக்கும் இடத்தில், குழிக்குள் அந்த மூன்றும் வெற்றுடம்பாகக் கிடந்தன. என் துப்பட்டாவைப் போர்த்திக் குழியை மூடினேன்.

இரண்டு குட்டிகளும் பிழைத்துவிட்டன. இப்போது லாரி டிரைவர் இறங்கிக் குவியலைப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. வெள்ளச்சி மதில் பக்கம் போவதே இல்லை. சாப்பாட்டு பெல் அடித்தால் நான்தான் அங்கே போய் நிற்கிறேன்.