நௌபர் நானாவின் இங்கிலீஷ்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கால்பந்து விளையாடுகிற பதினாலு பேருக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று போன வருடம் வரை நம்பிக்கொண்டிருந்தோம். பின்னால் ஆள் வந்தால் ‘எஸ்பால்டா’. விரிந்து நிற்க வேண்டும் என்றால் ‘ஆப்ரே’. கொடுத்துவிட்டு ஓடு, திருப்பித் தருகிறேன் என்றால் ‘பரெத்’. இவ்வளவையும் தவணைப் பரீட்சை இங்கிலீஷ் கட்டுரையில் எழுதிவைத்தேன். டீச்சர் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு போட்டு, ‘இது எந்த நாட்டுப் பாஷை?’ என்று கேட்டிருந்தார்.

தாளைக் கொண்டுபோய், எங்களுக்குப் பந்து பழக்குகிற நௌபர் நானாவிடம் நீட்டினேன்.

“ஸ்பானிஷ்தானே மகன்,” என்றார், சாதாரணமாக.

“நாங்க எல்லாரும் இங்கிலீஷுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கோம் நானா!”

“நான் எப்பவாச்சும் இங்கிலீஷ்னு சொன்னேனா? வெளிநாட்டுல படிச்சதுன்னுதான் சொன்னேன்.”

இதுதான் நௌபர் நானா. அப்புத்தளை டவுனில் சின்னதாக ஒரு செருப்புக் கடை. வயது நாற்பத்து மூன்று, தொப்பை தனி. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் கத்தாரில், ஒரு பந்துப் பயிற்சிப் பள்ளியில் உடுப்புத் தோய்த்தார், பந்துக்குக் காற்றடித்தார், மைதானத்துக்குக் கோடு போட்டார். பயிற்சி கொடுத்தவர்கள் எல்லோரும் ஸ்பெயின்காரர்கள். கோடு போட வந்த மனுஷன் ஆட்டத்தையே படித்துக்கொண்டு வந்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் பெரகலப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குச் செருப்பு விற்க வந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நாங்கள் பந்தை மிதிக்கிற அழகைப் பார்த்தார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கத்தத் தொடங்கினார். ஐந்து வருடமாகியும் நிறுத்தவில்லை. அன்றைக்கு ஒரு சோடி செருப்புக்கூட விற்கவில்லை என்று அவர் மனைவி றஷீதா தாத்தா (அவர்கள் வீடுகளில் அண்ணன் நானா, அக்கா தாத்தா) இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

போன வருட மாகாணப் போட்டியில்தான் வினை வந்தது. பயிற்சியாளர் சான்றிதழ் இல்லாதவர் ஆட்டக்காரர்களோடு மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்காரக் கூடாதாம். நானாவைக் கம்பி வேலிக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து அவர் கத்தியது எங்களுக்கு எட்டவில்லை. ஐந்து கோல் வாங்கினோம். ஆட்டம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, கம்பியின் துரு அவர் சட்டையில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

அதனால் பதுளையில் நடந்த சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி நாள் பரீட்சையில் மட்டும் கால் மணி நேரம் இங்கிலீஷில் பயிற்சி கொடுத்துக் காட்ட வேண்டும். நானாவுக்குச் செருப்பு சைஸைத் தாண்டி இங்கிலீஷ் கிடையாது.

“நீ போன்ல எல்லாம் பாக்குறவன்தானே, மாத்திக் குடு,” என்றார்.

மூன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பாடாய்ப் படுத்தியதில்லை. அவர் சொல்வார், நான் போனைப் பிடிப்பேன். கோல்கீப்பரின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போடுவதற்கு ‘பசெலீனா’ என்றார். போன், உதட்டுக்குப் பூசுகிற சாமானின் படத்தைக் காட்டியது. அந்தரத்தில் புரண்டு அடிப்பதற்கு ‘சிலேனா’ என்றார். சிலி நாட்டுப் பெண் என்றது போன்.

“போன் பழசுடா.”

“போன் புதுசு நானா. நீங்கதான் சரியாச் சொல்ல மாட்டேங்குறீங்க.”

“ஒம்பது வருஷம் சொன்னவன்கிட்டயா சொல்ற?”

“ரெண்டு பேரும் வாய மூடிட்டுத் தேத்தண்ணி குடிங்க, ஆள் வந்து செருப்புக் கேக்குது,” என்றார் றஷீதா தாத்தா.

கடைசியில் இங்கிலீஷ்காரர்கள் விளையாடுகிற வீடியோக்களைத் தேடிப் பார்த்து, எந்த நேரத்தில் அவர்கள் என்ன கத்துகிறார்கள் என்று பிடித்தேன். எஸ்பால்டாவுக்கு ‘மேன் ஆன்’. பரெத்துக்கு ‘வன் டூ’. ஆப்ரேக்கு ‘ஸ்ப்ரெட்’. ஒரு செருப்புப் பெட்டி மூடி முழுக்க எழுதிக் கொடுத்தேன். நானா அதைப் பஸ்ஸில், பள்ளிவாசலில், சாப்பாட்டில் எல்லாம் மனப்பாடம் பண்ணினார். பரீட்சையன்று காலை ஒரு சொல்லும் தவறாமல் ஒப்பித்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. பயிற்சி செய்து காட்ட அவரவர் பழக்குகிற பிள்ளைகளில் ஆறு பேரைக் கூட்டிவர வேண்டும்; நானும் அதில் ஒருத்தன். எங்கள் பயல்களுக்கு இந்த இங்கிலீஷைச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை. என்ன மூளையோ!

பரீட்சகர் விசில் ஊதினார். நானா நெஞ்சை நிமிர்த்தி, “மேன் ஆன்!” என்றார்.

பந்தை வைத்திருந்த சதீஸ்குமார் மரியாதையாக நின்று அவரைப் பார்த்தான்.

“வன் டூ! வன் டூ!”

சதீஸ், விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி மார்ச் பண்ணத் தொடங்கினான். மற்ற நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். பந்து தானாக உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. பரீட்சகர் ஏதோ எழுதினார்.

நானாவின் முகம் வேலிக்கு வெளியே நின்ற அன்றைக்கு இருந்த மாதிரி ஆனது. பிறகு பொறுக்க முடியாமல் கத்திவிட்டார்: “எஸ்பால்டா, மாடு! ஆப்ரே! பரெத்!”

பயல்கள் பறந்தார்கள். அவ்வளவு அழகாக நாங்கள் விளையாடியதே இல்லை. நான் ஓடுகிற ஓட்டத்திலேயே, நானா ஒன்று கத்தினால் அடுத்த மூச்சில் அதன் இங்கிலீஷைப் பரீட்சகர் பக்கம் திரும்பிக் கத்தினேன். கால் மணி நேரத்தில் தொண்டை போய்விட்டது.

பரீட்சகர் கொழும்புக்காரர், தமிழ் தெரிந்தவர். “இதுல யாரு கோச்?” என்று கேட்டார்.

“அவருதான் சேர். நான் வெறும் சத்தம்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பயிற்சியில் பாஸ், பாஷையில் பெயில். மூன்று மாதத்தில் மறுபடி பரீட்சை. அதுவரை இங்கிலீஷ் பேசுகிற ஒரு உதவியாளர் பக்கத்தில் இருந்தால் நானா வாங்கில் உட்காரலாம் என்று கடிதம் கொடுத்தார். உதவியாளராகப் பேர் கொடுத்தவன் இந்த வருட மாகாணப் போட்டியில் விளையாடக் கூடாது.

“வேணாம் மகன்,” என்றார் நானா. “நீ விளையாடு. நான் வேலிக்கு வெளிய நின்னு பழகினவன்.”

“முழங்கால் நோவுது நானா,” என்றேன்.

“எந்தக் கால்?”

யோசித்துவிட்டு, “இடது,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உதவியாளர் பேரை எழுதச் சொல்லிப் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

அடுத்த மாதம் வெலிமடையில் முதல் ஆட்டம். நடுவருக்கும் இங்கிலீஷ் வராது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நானா தேய்த்த கால்சட்டையோடு வாங்கில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. எங்கள் பயல்கள் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம்.

“கத்துங்க நானா!” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“இரு மகன்,” என்றார். “கொஞ்சம் உக்காந்து பாத்துக்கிறேன்.”