அட்டையில் இருந்த கை

மீன் வாடைகூட ஏறாத சைவ வீட்டுப் பெண் நான். காயல்பட்டினத்து இறைச்சிச் சமையலை மின்னூலாக்கி வளைகுடா நாடுகளில் விற்கப் போகிறேன் என்றதும் திருநெல்வேலியில் என் உறவுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குறிப்புகளைச் சொன்னவர் காயல்பட்டினத்து அக்கா ஒருவர். அவருக்கு ஒரே நிபந்தனைதான். "பேரு வேண்டாம், முகம் வேண்டாம். நான்தான்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது." சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

அந்த நாடுகளில் யார் மனமும் புண்படக் கூடாதே என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இணையக் கடையின் விதிகளை மூன்று முறை படித்தேன். அட்டையில் வைத்திருந்த குத்துவிளக்கை எடுத்தேன். நோன்பு மாதம் என்பதால், மாலையில் நோன்பு திறந்த பிறகே விளம்பரம் வரும்படி வைத்தேன். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். விளக்கு இருந்த இடத்தில், வட்டிலப்பம் என்ற முட்டை இனிப்பை வெட்டும் அக்காவின் கையைப் போட்டேன். அவர் சமைக்கும்போது நான் எடுத்த படம். முகம்தான் இல்லையே! அவரிடம் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. துபாயில் அவர் மகன் தங்கியிருக்கும் அறையில் எட்டுப் பேர், எல்லாரும் ஊர்க்காரர்கள். ஒருவன் நூலை வாங்கித் திறந்திருக்கிறான். எட்டிப் பார்த்த மகன், "ஏலே, இது எங்க உம்மாவோட கை!" என்று கத்தியேவிட்டானாம். கட்டைவிரலுக்குக் கீழே ஆவி பட்ட தழும்பு, புளியங்கொட்டை அளவு. இரண்டு வருஷமாக ஊருக்கு வராத பிள்ளை. அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முகம் இல்லையேன்னு நெனச்சேன்க்கா" என்று உளறினேன்.

"முகத்த மறைச்சா ஆளு மறைஞ்சிருமா? அவனுக்குச் சோறு ஊட்டுன கையில்லா இது!"

கடல் தாண்டி இருப்பவர்களின் மனசையெல்லாம் யோசித்தவள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அட்டையை உடனே மாற்றிவிட்டு அவருக்குச் சொன்னேன்.

"வாங்குனவங்ககிட்ட இருக்கதயும் எடுத்துருவியளா?"

"அவங்க போன்ல எறங்குனது எறங்குனதுதான்க்கா. என்னால முடியாது."



"அப்ப எங் கை இனி எத்தன ஆம்பளைங்க சட்டப் பையில கெடக்கப் போவுதோ" என்றார்.