உடையாத ஆமென்

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட சமாச்சாரம் இல்லை. நடந்தது யுவஸ்ரீக்கு. வேதியியல் படித்தவள். பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் உலோகத் துண்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. யாராவது பேய்ப் பேச்சை எடுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். பயத்தில் அல்ல, சலிப்பில். இன்றுவரை அவள் இதற்குப் பேய் என்று பெயர் வைக்கவில்லை. 'கை' என்று மட்டும்தான் சொல்கிறாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. சனிக்கிழமை தையல் வகுப்பு, அவ்வப்போது கண் மருத்துவ முகாம், வருஷத்துக்கு ஒரு இசை மாலை. இசை மாலைக்குச் சபையார் மட்டும் வருவதில்லை. வட்டாரமே திரண்டு வரும். பாடகர் குழுவிலும் அப்படித்தான், பாட வருகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று பார்ப்பதில்லை. இரும்பு வார்க்கும் பவுண்டரி முதலாளி வீட்டுப் பெண் ஹாரிகா ஞாயிறு ஆராதனைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஞாயிறு சாயங்காலப் பயிற்சியை ஒரு நாளும் விட்டதில்லை.

யுவஸ்ரீ பிறந்த நாளிலிருந்து அந்தச் சபைதான். ஆனால் கூச்சக்காரி. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். அவளுக்கு வரும் கேள்விக்கெல்லாம் அப்பாதான் பதில் சொல்வார். பாட்டு மட்டும் நிற்காமல் வரும். அதனால்தான் ஜூன் மாதம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு குழுவில் சேரக் கேட்டாள். வாழ்க்கையில் தானாகக் கேட்டு வாங்கிய ஒரே இடம் அது.

முன்வரிசையில் இடது ஓரம் கிடைத்தது. அவளுக்கு இடப்பக்கம் சுவர்.

"அந்த எடந்தான் காலியாக் கெடக்குது," என்றாள் ஹாரிகா. "செவுத்தப் பாத்துப் பாடிக்க. அது ஒண்ணும் திருப்பிச் சொல்லாது."

மற்றவர்கள் சிரித்தார்கள்.

குழுவை நடத்துபவர் கிருபாசங்கர் மாஸ்டர். கடைசிப் பாட்டின் முடிவில் வரும் ஆமென்தான் அவருடைய பெருமை. கீபோர்டு கிடையாது, கிடார் கிடையாது. முன்வரிசைப் பெண்கள் ஏழு பேரும் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டும், கேட்பவர்களுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு. மனுஷரால் ஆகிற காரியமில்லை. அதற்கு மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். சேலை மடிப்பில் மறைத்து எல்லோரும் கை கோத்துக்கொள்வார்கள். இடது ஓரத்தில் நிற்பவள் முதலில் மூச்சு எடுப்பாள். எடுத்துக் குரலைச் சேர்த்ததும், வலப்பக்கத்துக் கையை ஒரு அழுத்து அழுத்துவாள். அடுத்தவள் எடுப்பாள். அவள் அதற்கடுத்தவளை அழுத்துவாள். மூச்சு ஓசையில்லாமல் வரிசையில் நடந்துபோகும். வெளியே ஆமென் ஒரே கம்பியாக நீளும்.

"ரெண்டு பேரு ஒண்ணா எடுத்தா சத்தம் ஒடஞ்சு போயிருமுங்க அம்மணி," என்றார் மாஸ்டர். "உசுரே போனாலும் கை அழுத்தாம மூச்செடுக்காதீங்க."

ஓரத்தில் நிற்பவளுக்கு மட்டும் அழுத்த ஆளில்லை. அவளாகத் துணிந்து எடுக்க வேண்டும். யுவஸ்ரீக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. தயங்குவாள். வரிசையே தவிக்கும். ஆமென் உடையும். ஒவ்வொரு வாரமும் அவளிடம்தான் உடைந்தது.

"உன்னால எங்க எல்லாத்துக்கும் நெஞ்சு வலி," என்றாள் ஹாரிகா, எல்லோர் காதிலும் விழும்படி.

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வாரமும் ஒடஞ்சா வேற ஆளப் பாத்துக்கறனுங்க. கோவிச்சுக்காதீங்க."

அடுத்த வாரம் ஆமென் தொடங்கியது. யுவஸ்ரீ தயங்கினாள்.

அவள் இடது கையை ஒரு கை அழுத்தியது.

உடம்பு தானாக மூச்சை எடுத்தது. அவள் வலப்பக்கம் நின்ற ஹாரிகாவின் கையை அழுத்தினாள். வரிசை நடந்தது. ஆமென் உடையவில்லை. மாஸ்டர் விரல்களை மூடியபோது எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

யுவஸ்ரீ இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுவர். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அவ்வளவுதான்.

"உன்ற கை ஏன் இப்புடி ஜில்லுனு இருக்குது? பிரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு வந்தியா?" ஹாரிகா கையை உதறிக்கொண்டாள்.

படித்தவள் இல்லையா, காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். பதற்றத்தில் நரம்பு துடிப்பது உண்டு. ரத்த ஓட்டம் குறைந்தால் விரல் சில்லிடும். சரி. ஆனால் துடிக்கிற நரம்புக்கு விரல்கள் கிடையாது. அடுத்த வாரம் அவள் கவனித்துப் பார்த்தாள். நாலு விரல், ஒரு கட்டைவிரல். பெண் கை. மெலிந்த கை.

பயம் வந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்றும் வந்தது. "இப்பத்தான் வரிசைக்கே உசுரு வந்துருக்குது," என்று மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். யுவஸ்ரீ யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஞாயிறு வந்தால் இடது கையை மடிப்புக்குள் தானே நீட்டி வைத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கை, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தாமதமாக அழுத்தியது.

இசை மாலை நடந்த ஞாயிறு அன்று தேவாலயம் நிறைந்து, வெளியே பந்தலிலும் ஆட்கள். அப்பா இரண்டாவது பெஞ்சில் இருந்தார். பாட்டுகள் நல்லபடியாகப் போயின. ஏழு மணி இருக்கும். கடைசிப் பாட்டு முடிந்தது. மாஸ்டர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

ஆமென்.

கை வந்து கோத்துக்கொண்டது. எப்போதையும்விட இறுக்கமாக.

யுவஸ்ரீ காத்திருந்தாள்.

அழுத்தவில்லை.

நெஞ்சு சுட்டது. காதுக்குள் இரைச்சல். வலப்பக்கம் ஹாரிகாவின் விரல்கள் அவள் கையைப் பிறாண்டின... சீக்கிரம், சீக்கிரம். அழுத்தவில்லை. பொறுக்க முடியாமல் ஹாரிகா விதியை மீறி மூச்சை இழுத்தாள். அடுத்தவள் இழுத்தாள். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு இழுக்கும் சத்தம்.

ஆமென் உடைந்திருக்க வேண்டும்.

உடையவில்லை.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். பிறகு விரல்களை மூடினார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

ஒரு குரல் நிற்கவில்லை.

யுவஸ்ரீ யார் என்று பார்க்க நினைத்தாள். தலை திரும்பவில்லை. வாயை மூட நினைத்தாள். மூடவில்லை. குரல் அவள் வாயிலிருந்துதான் வந்தது. அவளிடம் காற்றே இல்லை.

கூட்டம் கைதட்டத் தொடங்கியது.

விதியாவது ஒன்றாவது... மூச்சை இழுத்தாள். வரவில்லை. மூக்கிலும் இல்லை, வாயிலும் இல்லை. யாரோ அடைத்துப் பிடித்த மாதிரி.

அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அவர் முகம் முழுக்கப் பெருமை.

"போதும்டி... நிறுத்து," என்று ஹாரிகா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அலறிவிட்டாள். இரண்டு கையாலும் யுவஸ்ரீயின் தோளைப் பிடித்துச் சுவரை விட்டு இழுத்தாள்.

ஏதோ ஒன்று விட மனமில்லாமல் விட்டது.

யுவஸ்ரீ தரையில் விழுந்தாள். மூச்சு வந்தது.

உதடு நீலம் பாரித்திருந்ததாக அப்பா பிறகு சொன்னார். அவளைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப்போய் மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்தார்கள். மாஸ்டர் டீயோடு வந்தார். "மயக்கம் வந்தும் சத்தத்த உடவே இல்ல பாருங்க. அதுதான் பக்தி." சொல்லிவிட்டு விருந்தினர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஹாரிகா மட்டும் கதவோரம் நின்றாள். நக்கலெல்லாம் போயிருந்தது.

"லோகாவும் இப்புடித்தான் நின்னா."

"யாரு?"

"லோகப்பிரியா. போன வருசம் அந்த எடத்துல. நாங்க எல்லாம் நிறுத்திப்போட்டும் அவ நிறுத்தல. அவ விழுகல யுவா. நின்னுட்டே இருந்தா. நாங்க எல்லாம் கை தட்டிட்டு இருந்தோம்."

"செத்துட்டாளா?"

"இல்ல. அன்னூர்ல அவங்க ஊட்டுல இருக்கா. கல்யாணத்துக்குப் பாக்கறாங்கன்னு மாஸ்டர் சொன்னாரு."

செத்தவளாக இருந்திருந்தால் யுவஸ்ரீ போயிருக்கமாட்டாள். உயிரோடு இருக்கிறாள் என்றதும் மனசு கொஞ்சம் லேசானது. மூச்சிளைப்பு நோயாக இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த வாரமே, நல்ல வெயில் நேரத்தில், பஸ் பிடித்து அன்னூர் போனாள்.

லோகப்பிரியாவின் அம்மா மாசாணியம்மாள் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். "பாட்டுக் கொயர்ல இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க கண்ணு. நீங்கதான் மொதல்ல வாரீங்க."

ஜன்னலோரக் கட்டிலில் லோகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு இல்லாமல், சுத்தமாக. கண் திறந்திருந்தது. யுவஸ்ரீயைப் பார்க்கவில்லை.

"பேச்சு நின்னு ஒரு வருசமாச்சுங்க. பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்துப்போட்டோம். நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லைங்கறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம சாயங்காலமானா மட்டும் வலது கைய இப்புடிச் சேலைக்குள்ள நீட்டுவாளுங்க. ஜூலை மாசத்துலிருந்து அப்புடித்தான். போன ஞாயித்துக்கெழம ரொம்ப மோசம். என்னத்தையோ புடிச்சாப்புல புடிச்சுட்டு உடவே இல்ல. நானும் இவங்கப்பாவும் சேந்து விரல விரிக்கப் பாத்தோம். முடியலீங்க. அப்பறம் அவளாவே உட்டுட்டா."

"எத்தன மணிக்குங்க?" என்று யுவஸ்ரீ கேட்டாள்.

"ஏழு மணி மில்லு சங்கு ஊதிச்சுங்க. அப்பத்தான்."

யுவஸ்ரீ லோகப்பிரியாவின் வலது கையைப் பார்த்தாள். மெலிந்த கை. மடியில் மல்லாந்து கிடந்தது. பிறகு இடது கையைப் பார்த்தாள்.

அது மூடியிருந்தது. முஷ்டியாக அல்ல. விரல்கள் எதையோ சுற்றி வளைந்திருந்தன. நடுவில் ஒரு கையின் அகலத்துக்கு இடம் இருந்தது.

"அது போன வருசமே மூடுனதுங்க. நகம் வெட்டக்கூடத் தொறக்கமாட்டா."

லோகப்பிரியாவின் நெஞ்சு அசையவே இல்லை. யுவஸ்ரீ அதை அப்போதுதான் கவனித்தாள். நேரம் போனது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பால் வண்டி வந்து, நின்று, போனது. நெஞ்சு அசையவில்லை.

அப்புறம் அந்த இடது கையில் விரல்கள் வெளுத்தன. உள்ளேயிருந்து யாரோ அழுத்தியது போல.

லோகப்பிரியா மூச்சு எடுத்தாள்.

யுவஸ்ரீ எப்படி பஸ் ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. வழியிலேயே மாஸ்டருக்குப் போன் செய்தாள். முட்டி மோதிச் சொல்லி முடித்தாள். இனி அந்த ஓரத்தில் யாரையும் நிறுத்தாதீங்க.

"கவலப்படாதீங்க அம்மணி," என்றார் அவர். "ஒடம்பப் பாத்துக்கங்க. அந்த எடத்துக்கு நவ்யான்னு ஒரு டீச்சரம்மா வந்துட்டாங்க. ஞாயித்துக்கெழம வாராங்க."

ஞாயிறு சாயங்காலம் யுவஸ்ரீ வீட்டில் இருந்தாள். அம்மா அடுப்படியில். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நேரில் போய்த் தடுத்துவிடலாம் என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, இடது கையில் போனை எடுத்தாள்.

போன் கீழே விழுந்தது.

இடது கை மூடிக்கொண்டது. அதற்குள் அந்தக் கை வந்துவிட்டது. மெலிந்த கை. சில்லென்ற கை.

அசைய முடியவில்லை.

வலது கை தானாக எழுந்து துப்பட்டா மடிப்புக்குள் போனது. விரல்கள் வளைந்தன. அதற்குள்ளும் ஒரு கை இருந்தது.

சூடான கை. வியர்த்த கை.

சில்லென்ற கை அழுத்தியது, யுவஸ்ரீ மூச்சு எடுத்துவிட்டாள். அடுத்தது அந்த நவ்யாவின் முறை. அழுத்தினால் போதும். ஒரே ஒரு அழுத்து.

வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுத்து, அழுத்து என்று கெஞ்சினாள்.

அந்தச் சூடான கை பிறாண்டத் தொடங்கியது.

அவள் விரல்கள் அழுத்தவில்லை.