அந்த அழுக்கு யாருடையது

அமெரிக்காவில், மிசூரியின் ஜாப்ளின் பக்கம் ரோய்லீன் டாக்கெட்டின் லாரி ஹாரனைக் கேட்டு ஊளையிடாத நாய் கிடையாது. லாரி அவளுடையது. கதவில் எழுதியிருந்த பெயர் மட்டும் கம்பெனியுடையது. வண்டியை ஒப்பந்தத்துக்கு விட்டு, அவர்கள் தரும் லோடை அவளே ஓட்டிக்கொண்டு போவாள். வீட்டோடு மாப்பிள்ளை மாதிரிதான். உழைப்பு இவனுடையது, பெயர் மாமனாருடையது.

இன்சூரன்சும் அப்படியே இரண்டு. கம்பெனி வேலையாக ஓடினால் கம்பெனியின் இன்சூரன்ஸ், சொந்த வேலையாக ஓடினால் அவள் கட்டுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. விழுந்துதான் தெரிந்துகொண்டாள்.

அது பனிக்காலம். சாலையில் கொட்டிய உப்பும் சேறும் வண்டி முழுக்க அப்பியிருந்தன. சரக்கு ஏற்றும் டிரெய்லரைக் கம்பெனி முற்றத்தில் கழற்றிவிட்டுக் கிளம்பியபோது, லோடு பிரித்துக் கொடுக்கும் டுவைட் ஜன்னல் வழியாகச் சொன்னான்:

"திங்கக்கிழமை பால் லோடு இருக்குக்கா. இந்தப் பன்னிக் கோலத்துல வந்து நிக்காதீங்க. கழுவிட்டு வாங்க."

ஞாயிறு காலை சர்ச் முடிந்ததும் வெறும் வண்டியைக் கழுவ ஓட்டிக்கொண்டு போனாள். தெருமுனையில் பனிக்கட்டி. பிரேக்கை மிதித்தும் வண்டி தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. குறுக்கே நடந்து வந்தவன் முடிதிருத்தும் வெர்லின் சைப்ஸ். ஞாயிறுதோறும் உணவகத்தில் அவளுக்கு இடம்பிடித்து வைக்கிறவன். அன்றும் அதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

வண்டி மோதி, முழங்காலுக்குக் கீழே அவன் கால் நொறுங்கிவிட்டது. ஆம்புலன்சில் ஏற்றும்போது அவன் சொன்னான்:

"அழாத மகாராணி. முடி வெட்டுறது கையால."

ஆனால் நாள் முழுக்க நின்றுகொண்டல்லவா வெட்ட வேண்டும்? அவசரத்துக்கு ஓர் அறுவை செய்தார்கள். கால் ஊன்ற இன்னொன்று வேண்டும், சீக்கிரம் வேண்டும், அதற்கு யார் பணம் என்று ஆஸ்பத்திரி கேட்டது. வெர்லினிடம் மருத்துவக் காப்பீடு என்று ஒன்றும் இல்லை.

கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர்கள் சொன்னார்கள்: லோடு இல்லை, டிரெய்லர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வண்டியின் அழுக்கைக் கழுவப் போனீர்கள், சொந்த வேலை. அவளுடைய இன்சூரன்ஸ்காரர்கள் சொன்னார்கள்: கம்பெனி லோடுக்காக, கம்பெனி சொல்லி, கம்பெனி வேலையில் பட்ட அழுக்கைக் கழுவப் போனீர்கள், கம்பெனி வேலை. இரண்டு பேரும் மரியாதையாகவே பேசினார்கள். இரண்டு பேரும் காசு தரவில்லை.

ரோய்லீன் டுவைட்டிடம் போனாள். 'கழுவச் சொன்னது நான்தான்' என்று இன்சூரன்ஸ்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி அவனைக் கேட்டாள். அவன் மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தான், பிறகு கோணலாக வைத்தான்.

"கழுவிட்டு வாங்கன்னேன். ஞாயித்துக்கிழமை போங்கன்னு சொன்னேனா? எனக்கும் பிள்ளைங்க இருக்குக்கா."

கோர்ட்டில் ஜெயிக்கலாம் என்றார் வக்கீல். வருஷக்கணக்காகும் என்றும் சொன்னார். கால் காத்திருக்குமா என்று கேட்டாள். அது தன் துறை இல்லை என்றார்.

வெர்லின் ஊன்றுகோலில் தொத்தித் தொத்தி வந்தான். அவள் மேல் வழக்குப் போடச் சொல்கிறார்கள், போடமாட்டேன் என்றான்.

"போடு, வெர்லின். போட்டாலும் எங்கிட்ட இருக்கிறது லாரி மட்டுந்தான்."

"அதுக்குத்தான் போடமாட்டேங்கிறேன். அது இல்லாம நீ என்ன பண்ணுவ?"

"உனக்கு முடி வெட்டிவிடுறேன். நீ வெட்டுறதைவிட மோசமாவா போயிடும்?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

லாரியை விற்றாள். அறுவை நடந்தது, ஆனால் தாமதமாகிவிட்டது. கால் ஊன்றும், நெடுநேரம் நிற்காது என்றார்கள். கடைக் கதவில் வெர்லின் மாட்டிய 'மூடப்பட்டது' பலகை அதற்குப் பிறகு திருப்பப்படவே இல்லை.

வண்டியை எடுக்க வந்த ஆள் கதவிலிருந்த கம்பெனிப் பெயரைச் சுரண்டி எடுத்தான். பக்கவாட்டில் இன்னும் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்து, கழுவித் தருவீர்களா என்று கேட்டான்.

"தொட மாட்டேன்" என்றாள் ரோய்லீன். "அது யாரோடதுன்னு இன்னும் முடிவாகல."