கவலை எண்ணின பெட்டி

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், நெம்பர் படிக்கத் தெரியும். அதற்கு மேல் படிப்பில்லை. ஆனால் எண்ணிக்கையில் என்னை யாரும் மடக்கினதில்லை.

முதலமடைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்துக் கிணறு எங்களுக்கும் கொழுந்தனாருக்கும் பொது. ஆளுக்கு எண்பது கவலை தண்ணி ஒரு முறை; மாடு வடத்தை இழுக்க, தோல் பறி ஒரு தடவை மேலே வந்து தண்ணி கொட்டினால் ஒரு கவலை. வீட்டுக்காரர் மாடு ஓட்டுவார், நான் வாய்க்காலில் நின்று மடை மாற்றுவேன். பத்துப் பறி கொட்டினால் மடியில் ஒரு கல். எட்டுக் கல் சேர்ந்தால் முறை முடிந்தது.

கொழுந்தனாருக்குக் கோயமுத்தூர் மில்லில் வேலை. ஒரு நாள் மில்லில் கழித்த எண்ணுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவலை மரத்தில் ஆணியடித்து வைத்தார். பறி மேலே வரும்போது வடத்தின் முடிச்சு பெட்டியின் கையைத் தட்டும், நெம்பர் ஒன்று ஏறும்.

முதல் முறை எங்களுக்கு. பாதியிலேயே கொழுந்தனார் ஓடி வந்தார். அண்ணியான என்னை அவர் நங்கை என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கை, நிறுத்துங்க! எண்பது ஆயிருச்சு."

என் மடியில் நாலே கல். நட்டு நாலு நாளான மிளகாய் நாற்று, கடைசி மூன்று பாத்தியில் வாடிக் கிடக்கிறது. அன்றைக்குத் தண்ணி போகாவிட்டால் கருகிவிடும்.

"ஏனுங் கொழுந்தனாரே, நாப்பதுதானுங்க ஆச்சு."

"வெத்தலை போடற மும்முரத்துல நாலு கல்லை மறந்திருப்பீங்க. மிசினு வெத்தலை போடாதுங்க."

"நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க, மாடு என்னைக் கேக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரே ஒரு பறி இறைங்க, பாத்துப் போடலாம்" என்றேன்.

பறி ஏறியது. டக். எண்பத்தொன்று. தண்ணி கொட்டியதும் பறி லேசாகித் துள்ளியது, வடம் ஆடியது, முடிச்சு இன்னொரு தடவை இடித்தது. டக். எண்பத்திரண்டு.

"தொட்டியில ஒண்ணு, பெட்டியில ரெண்டு! மிசினுக்குத்தானுங்க வெத்தலை மயக்கம்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொழுந்தனார் பெட்டியைக் கழற்றப் போனார். நான் விடவில்லை. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை அறுத்து, பெட்டியின் கையை இறுக்கிக் கட்டினேன். விரலால் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பறியின் கனத்தோடு வடம் இழுத்தால் மட்டும் டக் என்றது. துள்ளலுக்கு மசியவில்லை.

கொட்டின நாற்பத்தொன்றைப் பெட்டியில் திருப்பி வைத்து, மீதியை இறைத்தோம். எட்டாவது கல் மடியில் விழும்போது பெட்டியும் எண்பது. மூன்று பாத்தியும் நனைந்தது. அப்போதுதான் கவனித்தேன்: ஓரத்து நெம்பர் ஒரு சுற்று சுற்றி முடித்தால் பக்கத்து நெம்பர் ஒன்று நகர்கிறது. அதுவும் பத்துக்கு ஒரு கல்தான் போடுகிறது.

அடுத்தது கொழுந்தனார் முறை. மாட்டைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமலே கேட்டார்: "நங்கை, எத்தனை கல்லுங்க?"

அந்த மூன்று பாத்தியில் காய்த்த முதல் கூடை மிளகாய் அவர் ஊட்டுக்குத்தான் போனது. நல்ல காரம் என்று சொல்லியனுப்பினார்.