நித்யஸ்ரீயும் சாம்பிராணிப் புகையும்

நித்யஸ்ரீக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றை நின்றுகொண்டே தின்பாள். போனில் பேசும்போது வாசலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடப்பாள். எதிராளி பாதி சொல்வதற்குள் மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். இப்படிப்பட்டவள் தேடிப் பிடித்த வேலை எதுவென்றால், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவள் கணவன் அருண்குமாருக்கு லேத் பட்டறை. பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறான். அதில் ஒரு மூலையைத் தடுத்து, ஏசி மாட்டி, வாசலில் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டு, அதற்குள் இவள் ஃபைபர் கப்ளர் செய்கிறாள். ஒரு இழையில் வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து அனுப்பும் சின்னச் சாமான் அது. முடியளவு மெல்லிய இரண்டு கண்ணாடி இழைகளைத் தோலுரித்து, சேர்த்து முறுக்கி, இரண்டு பக்கமும் கிளாம்பில் பிடித்து, நடுவில் சுடரைக் காட்டி மெல்ல இழுக்க வேண்டும். இழைகள் இளகி ஒட்டி மெலியும்போது ஒன்றில் போகும் ஒளி மற்றதற்கும் தாவும். மெஷினின் கணினித் திரையில் இரண்டு பக்கமும் ஐம்பது, ஐம்பது என்று வந்த கணம் சுடரை அணைக்க வேண்டும். பிறகு பசை வைத்து ஒரு கண்ணாடிப் பட்டையில் ஒட்டிக் காயவிட்டு, கிளாம்பைத் திறந்து எடுப்பது. சூடு எவ்வளவு, இழுப்பு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அவளே போட்டது.

கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் கற்ற தொழில். இங்கே அதற்கு இடம் கேட்டபோது அருண்குமார் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே இழுத்தடித்தான். மாமியார் செல்லாத்தாள்தான் ஒருநாள் பட்டறைக்கே வந்து நின்றார். "புள்ள படிச்சது வீணாப் போகோணுமா? அந்த மூலைல துருப்புடிச்ச இரும்புதானே கெடக்குது, எடுத்து வீசு" என்றார். அந்த வாரமே மூலை காலியானது. நித்யஸ்ரீக்கு அந்த வீட்டில் தன் பக்கம் பேச முதலில் கிடைத்த ஆள் அவர்தான்.

இந்த ஆயுத பூஜைக்குத்தான் வந்தது வினை. பெங்களூரில் ஒரு சென்சார் கம்பெனி மாதிரிகள் கேட்டிருந்தது. சரியாக இருந்தால் தொடர்ந்து ஆர்டர். இல்லையென்றால் அந்த மூலையில் இன்னொரு லேத் வந்து உட்காரும். அருண்குமார் வாய்விட்டுச் சொல்லவில்லை, அளவெடுத்து மட்டும் வைத்திருந்தான்.

பூஜைக்கு முந்தைய நாள் பட்டறையே மெஷின்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தது. தன் மெஷினை யாரும் தொடக் கூடாதென்று நித்யஸ்ரீ தானே துடைத்து மாட்டினாள். மறுநாள் துடியலூரில் பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினால், செல்லாத்தாள் தூபக்காலோடு பிளாஸ்டிக் திரைக்குப் பக்கத்தில் நிற்கிறார். உள்ளே போனால் அறை முழுக்கச் சாம்பிராணி வாசம்.

பூஜை முடிந்து செய்த முதல் கப்ளர் ஐம்பத்து நான்குக்கு நாற்பத்தாறு. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது இன்னும் மோசம். அவளுக்குத் தலை சூடேறிவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, லேத் ஓட்டுகிறவர்கள் எல்லாம் பார்க்க, கத்தினாள்.

"ஏனுங்க அத்தை, தூசியே ஆகாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? உள்ளே போயிப் புகை போட்டா எப்படிங்க? என் பொழப்பே போச்சுங்க!"

செல்லாத்தாள் வாய் திறந்தார். "இல்லை கண்ணு, நான்…"

"சாமி கும்பிடறதுக்கு வேற எடமே இல்லைங்களா?"

அன்று மாலையே செல்லாத்தாள் ஒரு பையில் ரெண்டு சேலையை வைத்துக்கொண்டு, பல்லடத்தில் இருக்கும் மகள் லோகப்பிரியா வீட்டுக்குப் பஸ் ஏறினார். போகும்போது குழம்பு அடுப்பில் இருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நித்யஸ்ரீ அறையைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். கப்ளர் திருந்தவில்லை. எரிச்சலில் கணினித் திரையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் பங்கைத்தான் பார்த்திருக்கிறாள், இரண்டையும் கூட்டினால் எவ்வளவு என்று பார்க்கவே இல்லை. கரி படிந்திருந்தால் ஒளி அங்கேயே கசிந்து மொத்தம் குறைந்திருக்கும். மொத்தம் துளியும் குறையவில்லை. இது தெரியாத ஆளா அவள்? அவசரக்காரிக்குப் படிப்பு எந்த மூலைக்கு!

இன்னொன்றைச் செய்து பார்த்தாள். கிளாம்பில் இருக்கும்வரை சமமாகவே இருந்தது. கிளாம்பைத் திறந்ததும் எண்கள் விலகின. பிடியில் ஏதோ கோணல், விட்டதும் இழை வளைகிறது. இடது கிளாம்பைக் கழற்றினாள். அடியில் ஒரு வெள்ளை நூல் நசுங்கிக் கிடந்தது.

பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டையாக வந்து, ஊரிலுள்ள லேத்துகளையெல்லாம் துடைக்கும் அதே கழிவுத் துணி. முந்தைய நாள் அவளுடைய நூல் பிரியாத துடைப்புத் தாள் தீர்ந்துபோயிருந்தது. வாங்கிவரப் பொறுமையில்லாமல் லேத் பக்கம் கிடந்ததில் ஒரு பிடி அள்ளிவந்து துடைத்தவள் அவளேதான். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

நூலை எடுத்துவிட்டுச் செய்த மாதிரிகள் அத்தனையும் சமமாகப் பிரிந்தன. பெங்களூருக்கு அனுப்பிவைத்தாள். சந்தோஷப்பட முடியவில்லை. பல்லடத்துக்குப் பஸ் ஏறினாள். ஊர் வருவதற்கு முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லோகப்பிரியா வீட்டு முற்றத்தில் செல்லாத்தாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நித்யஸ்ரீ கொட்டிவிட்டாள்.

"அத்தை, தப்பு எம்மேலதானுங்க. உங்க புகையில்லைங்க. நான் தொடச்ச துணியோட நூலுங்க. எல்லார் முன்னாடியும் உங்களைப் பேசிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

செல்லாத்தாள் காம்பைக் கிள்ளிப் போட்டார். "நான் உள்ள போகவே இல்லை கண்ணு. உனக்கு ஆகாதுன்னு தெரியாதா? திரைக்கு வெளியவே நின்னு காட்டினேன். வாசம்தான் உள்ள போயிருக்கும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீ சொல்ல உட்டாத்தானே அம்மணி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊட்டுக்கு வாங்க அத்தை" என்றாள்.

"வாரேன். இன்னிக்கு இல்லை."

எப்போது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கீரையில் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள்.